பொன்னிற முனையும் நம் அறிவியல் வகுப்பும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், இரும்பில் துளையிடும் 'டிரில் பிட்' ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். பொன்போல் மின்னியது. "ஐயா, இது தங்கமா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, அழகுக்காகப் பூசிய சாயம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

மறுவாரம் அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் எந்திரம் இயக்குபவர். மிகுந்த தயக்கத்தோடு, "மன்னிச்சிக்குங்க ஐயா, அது சாயம் இல்லை. அந்தப் பூச்சு தேஞ்சிட்டா பிட் சீக்கிரம் மழுங்கிடும்" என்றார். கையில் இன்னொரு முனையும் வைத்திருந்தார். அது ஊதா கலந்த கருநிறம். "வேகமா ஓட்டும்போது சூடு அதிகம். அதுக்கு இதுதான் தாங்கும்" என்றார். நான் வெட்கினேன். அன்றிரவே தேடிப் படித்தேன்.

பொன்னிறப் பூச்சின் பெயர் டைட்டேனியம் நைட்ரைடு. வெற்றிட அறையில் டைட்டேனியத்தை ஆவியாக்கி, நைட்ரசன் வளியோடு சேரச்செய்து முனையின்மேல் படிய வைக்கின்றனர். அதன் தடிமன் சில மைக்ரோமீட்டரே; தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. எஃகைவிட மிகக் கடினமானது. ஆயினும் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசை எட்டினால், காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து சிதைகிறது.

இதற்குக் கண்ட தீர்வுதான் வியப்பிற்குரியது. அப்பூச்சில் அலுமினியத்தைச் சேர்த்தனர். நம் சமையலறைப் பாத்திரங்களில் காணும் அதே மென்மையான உலோகம்! சூடேறும்போது இந்த அலுமினியம் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடாக மாறி, மெல்லிய கவசமாகி உயிர்வளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதனால் 800 பாகை அளவிலும் பூச்சு தாக்குப்பிடிக்கிறது. டைட்டேனியம் அணுவைவிடச் சிறிய அலுமினிய அணு, படிக அமைப்பில் இடம்பிடித்து அதை இறுக்குவதால் கடினமும் கூடுகிறது. ஆனால், அலுமினியம் அளவு மீறினால் படிக அமைப்பே மாறிப் பூச்சு மென்மையாகிவிடும்.

நம் பாடத்தில் 'கடினமான பொருள் எளிதில் தேயாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கடினம் மட்டும் போதாது. வெப்பத்தைத் தாங்க வேண்டும், விரிசல் விடாதிருக்க வேண்டும். மென்மையான ஒன்றை அளவறிந்து சேர்த்தாலும் உறுதி கூடலாம். 'ஏன்?' என்ற கேள்வியின்றி இவற்றை எப்படிக் கற்பிப்பது?

ஆசிரிய நண்பர்களே, தெரியாததைத் 'தெரியாது, தேடிப் பார்ப்போம்' என்று மாணவரிடம் சொல்வது இழுக்கன்று. நான் சொன்ன தவறான விடைதான் இழுக்கு. அந்த மாணவனிடம் வகுப்பறையிலேயே அதை ஒப்புக்கொண்டேன்.

பெற்றோரே, "எனக்குப் படிப்பில்லை" என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் அன்றாடம் கையாளும் கருவிகளில் எங்கள் பாடநூலில் இல்லாத அறிவியல் இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் தமிழிலேயே சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்தத் தந்தை எங்கள் அறிவியல் வகுப்பிற்கு வந்து பேசுவார். நான் மாணவர்களோடு அமர்ந்து கேட்கப் போகிறேன்.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்யலாமே? சிந்திப்போம்.