கயிற்றை அறுத்தால் போதுமா?



2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு கொடுமை நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படையினரா? இல்லை. அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள்! பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்!

அந்த மாணவன் செய்த குற்றம் என்ன? நன்றாகப் படித்தான். ஜாதியின் பேரால் கொடுத்த தொல்லையைத் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். காரணம் கேட்டபோது உள்ளதைச் சொன்னான். அதற்குப் பதிலாக அரிவாள் வந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கொடுமையை வெளியே சொல்லும் பிள்ளைக்கு, சொன்ன நிமிஷத்திலிருந்துதான் ஆபத்து அதிகம். ஆகவே புகாரை எழுதி வாங்கிக்கொள்வதோடு பெரியவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடாது, அப்போதுதான் ஆரம்பமாகிறது. சொன்னவன் யார் என்பது வெளியே கசியக் கூடாது. அவன் வீடு போய்ச் சேரும்வரை துணை வேண்டும். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, "கை குலுக்குங்கள், மறந்துவிடுங்கள்" என்பது நியாயமல்ல. அடிபட்டவனை வேறு பள்ளிக்கு மாற்றுவதும் நியாயமல்ல. அது யாருக்குத் தண்டனை?

இந்தச் சம்பவத்துக்குப் பின் தமிழக சர்க்கார், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் பள்ளியில் கூடாது. பள்ளிகளின் பெயரிலுள்ள ஜாதி நீங்க வேண்டும் என்று அது சொல்லிற்று. சரியான யோசனைகள்! ஆனால் 2019இல் கயிற்றைத் தடுக்கக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியபோது என்ன நடந்தது? எதிர்ப்பு கிளம்பியதும், அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்றார் அன்றைய கல்வி அமைச்சர். காகிதத்தில் உள்ள உத்தரவு தானாக நடக்காது. மக்கள் கேட்டால்தான் நடக்கும்.

கயிற்றை வாத்தியார் அறுக்கலாம். கட்டிவிட்டது யார்? ஓட்டுக்காக ஜாதிச் சங்கம் நடத்துகிறவர்கள் கட்டினார்கள். அதோடு நிற்கிறதா? ஆலை வாசலில் எல்லா ஜாதியாரோடும் தோளுரசி நின்று கோஷம் போடும் தொழிலாளி, வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "அவன் வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்கிறானே, அதுவும் ஒரு கயிறுதான். அதை எந்தச் சுற்றறிக்கையும் அறுக்காது.

தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் நடந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1940களில் விவசாயிகள் சேர்ந்து நின்றுதான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள். தனித்தனியே நின்றிருந்தால் நடந்திருக்குமா? இந்தச் சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

பக்கத்துப் பெஞ்சுக்காரனைச் "சகித்துக்கொள்" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். சகித்துக்கொள்ள அவன் என்ன தலைவலியா? அவன் உனக்குச் சமம் என்று சொல்லுங்கள். அவனை ஒருவன் இழிவுபடுத்தினால் சிரித்துக்கொண்டு நிற்காதே, அவன் பக்கத்தில் போய் நில் என்று சொல்லுங்கள். கொடுமை செய்த பையனையும் கைவிட வேண்டாம். செய்தது குற்றம் என்று அவன் உணர வேண்டும், தண்டனையும் வேண்டும். அந்த விஷத்தை இறக்கும் படிப்பினையும் வேண்டும். பதினேழு வயதில் அரிவாள் தூக்கியவன் பிறக்கும்போதே அதைக் கொண்டுவரவில்லை.

நாம் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நாலு ஜாதித் தாய்மார்களும் தகப்பன்மார்களும் சேர்ந்து போங்கள். "பிள்ளைகள் ஜாதிக் கொடுமையை யாரிடம் சொல்வது? சொன்ன பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்!

நாங்குநேரி மாணவன் காயங்களிலிருந்து மீண்டு 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வெற்றி பெற்றான். அவன் தன் கடமையைச் செய்துவிட்டான். இனி நம் கடமை!