மீதிச் சிகிச்சையை அழகுக் கணக்கில் சேர்க்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடியிடம் சிக்குபவர்களுக்குக் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான். அவசரச் சிகிச்சையில் மருத்துவர் மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனித்து, கிழிந்ததைத் தைத்து மூடுகிறார். அந்த நேரத்தில் அதுவே சரி. மாதங்கள் கழிந்து வீக்கம் வடிந்த பிறகுதான், உள்ளே தாங்கல் இழந்த மூக்குத்தண்டு குதிரைச் சேணம்போல் அமுங்கியிருப்பது தெரியும். அதை நிமிர்த்தும் இரண்டாவது அறுவை சிகிச்சையை ‘அழகுக்கானது’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டு அமுங்கினால் காற்று போகும் வழியும் குறுகும். இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டு, குளிர் விலகாத காலையில் சரிவேறிக் கொழுந்து பறிப்பவருக்கு இது முகப்பொலிவு பற்றிய கவலையே அல்ல.

தோல் மட்டும் மூக்காகாது என்பது பழைய பாடம். திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-ல் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814-ல் அங்கே அந்த அறுவையைச் செய்தார். தோலுக்கு அடியில் சட்டம் இல்லையென்றால் மூக்கு சுருங்கித் தாழும் என்பதைப் பின்வந்தவர்கள் அனுபவத்தில் கற்றார்கள். சட்டமாகச் சிலிக்கோன் துண்டை வைத்தால் செலவும் நேரமும் மிச்சமாகுமே என்பார்கள். ஆனால் முன்பே அறுத்துத் தழும்பேறிய தோல் இறுகியிருக்கும், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அங்கே அந்நியப் பொருள் சீழ் பிடிக்கவும் தோலைத் துளைத்து வெளிவரவும் வாய்ப்பு அதிகம். உடலிலிருந்தே எடுக்கலாம் என்றால், மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பு தாக்குதலிலோ முதல் அறுவையிலோ போயிருக்கலாம். காதுக் குருத்தெலும்பு சிறியது, வளைந்தது. ஆகவே பெரிய பள்ளத்துக்கு விலாக் குருத்தெலும்புதான் வழி. அதுவும் வளையக்கூடியது. உட்பகுதியைச் சமநிலையாகச் செதுக்கி எடுத்தால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958-லேயே காட்டினார்கள். தழும்பு இளக, வழக்கமாக ஓராண்டாவது காத்திருக்கவும் வேண்டும்.

காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குமே மலையில் அலைச்சல் இருக்கும்போது இதற்கா பணம் என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இது ஊரெல்லாம் கேட்கும் சிகிச்சை அல்ல, சிலருக்கு ஒருமுறை தேவைப்படுவது. உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டுவிட்டது. அங்கே முதல் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போதே, ஓராண்டுக்குப் பிறகு மூக்கைப் பரிசோதிக்கும் தேதியைச் சீட்டில் எழுதலாம். வனவிலங்கு தாக்குதலுக்கான நிவாரணத்திலும் முதலமைச்சர் காப்பீட்டிலும் இரண்டாவது அறுவையை முதல் காயத்தின் செலவாகவே கணக்கிட வேண்டும். அறுவைக்காகக் கோவைக்குப் போய்வர நேர்ந்தால் பேருந்துக் கட்டணமும் இழக்கும் நாள்கூலியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.