வைக்கோலை எடுங்கள், அரிசியைத் தொடாதீர்கள்

தென்காசி மாவட்டத்தின் அச்சன்புதூர், வடகரை, பண்பொழிப் பக்கம் அறுவடை இயந்திரம் ஓடி முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றிப் புளியரை வழியே கேரளத்துக்கு அனுப்புகிறார்கள். கட்ட ஆள் கிடைக்காத வயலில் அது மழையில் நனைந்து கறுத்துப்போகிறது.

அந்த வைக்கோலுக்குள் சர்க்கரை பூட்டிக் கிடக்கிறது. நீராவியாலோ அமிலத்தாலோ இளக்கி, நொதிகளால் உடைத்தால் குளுக்கோஸும் சைலோஸும் பிரிந்து வரும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்களிடம் அந்தச் சர்க்கரையைக் கொடுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். பிஎல்ஏ என்னும் தாவரப் பிளாஸ்டிக்குக்கு அதுதான் மூலப்பொருள். எத்தனால் காய்ச்சும்போது குளுக்கோஸின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. லாக்டிக் அமிலத்திலோ, கணக்குப்படி, ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ அமிலமாகவே மாறலாம். அப்படியிருக்க, எத்தனாலை மட்டுமே கட்டிக்கொண்டு அழுவானேன்?

அரியானாவின் பானிபட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதற்கான ஆலை 2022-இல் திறக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் கரும்புச் சர்க்கரையிலிருந்து பிஎல்ஏ தயாரிக்கும் ஆலை எழுகிறது. உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக்கான 'பயோ-இ3' கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில், விவசாயக் கழிவிலிருந்து சர்க்கரை எடுப்பதை ஆராயும் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமே இருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் வைக்கோலிலிருந்து லாக்டிக் அமிலம் எடுக்கும் ஒரு சோதனை ஆலை அமைக்கத் தமிழக அரசு முன்வர வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க முடியாது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்கும் மத்திய அரசின் வழக்கம் இங்கே நுழையவே கூடாது. மாட்டுத் தீவனம் போக மிஞ்சும் வைக்கோலைத்தான் ஆலை தொட வேண்டும். அதற்கு வயலிலேயே விலை தர வேண்டும்.

இன்னொன்று, பலர் பேசாதது. சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைப் பிரிக்கும் பழைய முறையில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் கழிவாக விழும். அதை எங்கே கொட்டப் போகிறார்கள்? கழிவுநீர் அனுமன் நதியில் கலந்தால் கீழே உள்ள குளங்கள் எல்லாம் பாழாகும். பிஎல்ஏ-யும் சூடான உரக்கிடங்கில்தான் விரைவில் மட்கும். குற்றாலத்து அருவிக்கரையில் வீசினால் அதுவும் குப்பைதான். ஆகவே தமிழகத்தில் 2019 முதல் நடப்பில் உள்ள பிளாஸ்டிக் தடையை பிஎல்ஏ-யைக் காட்டித் தளர்த்தக் கூடாது.

இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதி, பேரூராட்சி மன்றத்திலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் வெளிப்படையாக வைத்த பிறகே நிலம் ஒதுக்க வேண்டும்.