செங்கடலுக்குக் கப்பல் அனுப்புமுன் தாய்க்கு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுங்கள்

யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காப்பாற்றச் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பலொன்றை அனுப்பப்போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 2024 ஜனவரி 3ஆம் திகதி அறிவித்தார். இரண்டு கிழமைக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் என்ற கணக்கையும் அவரே சொன்னார். வற் வரி 18 சதவீதமாக ஏறி மூன்றே நாள் ஆகியிருந்ததால் எதிர்க்கட்சிகளுக்கு அந்தத் தொகை வாய்ப்பாகப் போயிற்று. அன்று முதல் நாட்டில் நடந்த விவாதம் முழுவதும் காசைப் பற்றியது. மிஞ்சினால் அந்தச் செங்கடல் நடவடிக்கைக்குத் தலைமையேற்ற அமெரிக்காவைப் பற்றியது. அந்தக் கப்பலில் ஏறப்போகிறவர்கள் யாருடைய பிள்ளைகள், அவர்களுக்கு ஒன்று நடந்தால் பெற்றோருக்கு யார், எத்தனை மணிக்குள், எந்த மொழியில் தகவல் சொல்வார்கள் என்று கேட்ட குரல் இன்றுவரை என் காதில் விழவில்லை.

காசிலிருந்தே தொடங்குவோம். 250 மில்லியனை 14 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 79 இலட்சம் ரூபா. மணித்தியாலத்துக்கு 7 இலட்சத்து 44 ஆயிரம். மாதம் ஓர் இலட்சம் சம்பளத்தில் மூன்று உத்தியோகத்தரை அமர்த்தி, சிங்களத்திலும் தமிழிலும் இரவு பகலாகத் தொலைபேசி எடுக்கும் ஒரு பிரிவை வருடம் முழுக்க நடத்தினால் சம்பளச் செலவு 36 இலட்சம். கப்பல் ஐந்து மணித்தியாலம் ஓடுகிற செலவு அவ்வளவுதான். காலையில் கொழும்புத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் மத்தியானத்துக்குள் எரித்துவிடும் பணத்தில், அதில் உள்ளவர்களின் தாய் தகப்பனுக்கு ஒரு வருடம் பதில் சொல்லலாம். அதற்குத் திறைசேரியில் காசில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அப்படி ஒன்று தேவை என்ற நினைப்பே அங்கு யாருக்கும் வரவில்லை.

கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு இது தூரத்து விஷயமில்லை. துறைமுக மதிலோரமாக வளர்ந்த ஊர் இது. கடற்படையில் பிள்ளைகள் உள்ள வீடுகள் இங்கே குறைவு. அந்தத் தாய்மார் பெரும்பாலும் அனுராதபுரத்திலும் குருநாகலிலும் வயல் கரையில் இருக்கிறார்கள். இங்கே இருப்பவை வணிகக் கப்பலில் பிள்ளை போன வீடுகள். ஏபி, ஒயிலர், ஃபிட்டர், குக், கெடட் என்று எந்த வேலையில் போனாலும் ஊர்ப் பேச்சில் அவன் ‘கப்பல்காரன்’தான். கடற்படைக் கப்பல் காக்கப் போவதாகச் சொல்லப்பட்டது இவர்கள் வேலை செய்யும் கப்பல்களைத்தான். ஆகவே இந்த அறிவிப்பு இரண்டு வகைப் பெற்றோரையும் ஒரே கடலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஜம்பட்டா வீதியில் ஒரு தாய். மகன் கொள்கலன் கப்பலொன்றில் ஒயிலர். அவருடைய தொலைபேசியில் கப்பல்களின் இருப்பிடம் காட்டும் செயலி இருக்கிறது. மகன்தான் போகுமுன் போட்டுக் கொடுத்தான். சரக்குக் கப்பல் அதில் பச்சை அம்புக்குறி. அந்த அம்புக்குறி ஏடன் வளைகுடாவில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. வட்ஸ்அப்பில் செய்திக்கு ஒற்றைச் சரிதான் விழுந்தது. ஆளனுப்பிய ஏஜன்சிக்கு எடுத்தார். விடுமுறை நாள் என்பதால் பதிலில்லை. அவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வந்த இன்னொரு தாய். “பாப் எல் மண்டப் கிட்டப் போகக்குள்ள சிக்னல ஓஃப் பண்ணிருவாங்க அக்கா. ஹூதிக்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான். சுயஸ் பக்கம் போனதும் திரும்பத் தெரியும், பயப்படாதீங்க.” அந்தச் செய்தியைச் சொல்லியிருக்க வேண்டியது அரசாங்கம். அரசாங்கத்துக்கு அந்தத் தாயின் இலக்கம்கூடத் தெரியாது.

பெற்றோருக்குப் பெற்றோரே துணை என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்தத் துணை நவநாள் வரிசையோடும் வட்ஸ்அப் குழுவோடும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு எம்.வி. அல்பெடோ என்ற பெயர் போதும். இந்தக் கப்பலின் கதையை எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

மலேசிய உரிமையாளரின் அந்தக் கொள்கலன் கப்பல், ஜெபல் அலியிலிருந்து மொம்பாசா போகும் வழியில் 2010 நவம்பர் 26இல் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கியது. கப்பலில் 23 பேர்: பாகிஸ்தானியர் 7, பங்களாதேஷினர் 7, இலங்கையர் 6, இந்தியர் 2, ஈரானியர் 1. உரிமையாளர் கைவிட்டார். இந்திய மாலுமி ஒருவர் கொல்லப்பட்டார். பாகிஸ்தானில் கப்டனின் குடும்பம் வீட்டுக்குள் முடங்கவில்லை. மற்ற மாலுமிகளின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு தொலைக்காட்சிக்குப் போனார்கள், வர்த்தகர்களிடம் போனார்கள், பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஒரு மில்லியன் டொலருக்கு மேல் திரண்டது. 2012 ஆகஸ்டில் 7 பாகிஸ்தானியரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கப்பலிலேயே விடப்பட்டார்கள். 2013 ஜூலையில் அல்பெடோ நங்கூரமிட்ட இடத்திலேயே மூழ்கியது. நான்கு பேர் கடலோடு போனார்கள், நால்வரும் இலங்கையர். எஞ்சிய 11 பேர் 2014 ஜூனில், மூன்றரை வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தபோது அவர்களில் இருவர்தான் எங்கள் பிள்ளைகள்.

ஒரே கப்பல், ஒரே கொள்ளையர், ஒரே கைவிட்ட முதலாளி. பாகிஸ்தானியர் ஏழு பேரும் திரும்பினார்கள். இலங்கையர் ஆறு பேரில் இருவர் திரும்பினார்கள். இடையில் இருந்த வேறுபாடு, ஒரு நாட்டில் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து சத்தம் போட்டதும் அதற்கு ஒரு சமூகம் காதுகொடுத்ததும்தான். எங்கள் ஆறு குடும்பங்களுக்கும் அப்படியொரு அமைப்பு முதல் மாதமே கிடைத்திருந்தால் அந்த நான்கு பேரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

2017 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கிய ஆரிஸ் 13 கப்பலிலிருந்த எட்டு இலங்கையர் மூன்று நாளில் பணம் கொடுக்காமலே விடுபட்டார்களே என்று சிலர் நினைவூட்டக்கூடும். சோமாலியாவின் புன்ட்லாண்ட் கடற்பொலிஸாரின் அழுத்தம் அங்கே வேலை செய்தது. கொழும்பில் எந்த அலுவலகமும் செய்த காரியமில்லை அது. இன்னொரு உதாரணம் ஹீரோயிக் ஐடுன். 2022 ஆகஸ்டில் எக்குவடோரியல் கினியில் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு நைஜீரியாவிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த எண்ணெய்க் கப்பலில் 16 இந்தியரும் 8 இலங்கையரும் இருந்தார்கள். கேரளக் குடும்பங்கள் கிளப்பிய குரலில் முதலமைச்சர் பினராயி விஜயன் பிரதமருக்கே எழுதினார். 2023 மே மாதம் விடுதலையாகும்வரை ஒன்பது மாதம் எங்கள் எட்டுப் பேரின் பெற்றோர் பெரும்பாலும் இந்தியச் செய்திகளைப் பார்த்தே தங்கள் பிள்ளைகளின் நிலையை அறிந்துகொண்டிருப்பார்கள்.

குடும்பங்களுக்கு ஓர் அமைப்பு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கிருந்து கடலுக்குப் போகிற ஒவ்வொரு மாலுமியின் பெயரிலும் ஒரு ஒப்பந்தத்துக்கு 25 டொலர் நலன்புரி நிதிக்குப் போகிறது. 1977இல் தொடங்கிய நிதி அது. மாலுமியின் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதத்தை வீட்டில் அவர் குறிப்பிட்ட ஒருவருக்குக் கம்பனியே நேரே அனுப்ப வேண்டும் என்று அரசாங்கத்தின் மாதிரி ஒப்பந்தம் சொல்கிறது. இதனால் தாயோ மனைவியோ அரசாங்கப் பதிவேட்டில் பெயருள்ள ஆளாகிறார். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் குடும்ப வட்டங்களை ஊர் ஊராக அமைக்க அந்த நிதியை நடத்தும் நிறுவனமே உதவுகிறது. 2023 நவம்பர் 19இல் ஹூதிகள் கலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். 25 பேரில் 17 பேர் பிலிப்பினோக்கள், 2025இல்தான் விடுபட்டார்கள். ஆனால் அந்தப் பதினேழு குடும்பங்களோடும் அந்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளர் திணைக்களம் தொடர்பில் இருந்தது. ஒரு இலங்கையன் அதில் இருந்திருந்தால் அவன் தாய் யாருக்கு அழைத்திருப்பாள்? வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்கா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கா, வெளிவிவகார அமைச்சுக்கா? மூன்று இடத்திலும் மற்ற இரண்டைக் கைகாட்டுவார்கள்.

கடற்படைக்கு வருவோம். நாங்கள் சேரவிருந்தது அமெரிக்கா தலைமையேற்று நடத்திய நடவடிக்கையில். அந்த அமெரிக்கக் கடற்படையில் 1970இல் அட்மிரல் எல்மோ சும்வோல்ட் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் குடும்பங்களின் சார்பில் ஒருவர். பெரும்பாலும் ஒரு மாலுமியின் மனைவி. கப்பலின் கட்டளை அதிகாரி அவரை நியமிக்கிறார், அவர் நேரடியாக அந்த அதிகாரியோடு பேசுகிறார், கரையிலுள்ள வீடுகளுக்குத் தகவல் சொல்கிறார். 2000 ஒக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் யு.எஸ்.எஸ். கோல் தாக்கப்பட்டு 17 மாலுமிகள் கொல்லப்பட்டதும் நாங்கள் கப்பல் அனுப்பவிருந்த அதே கடல்பக்கம்தான். அமெரிக்கரிடமிருந்து பழைய கப்பல்களை வாங்கிக்கொண்டோம். குடும்பங்களுக்கான இந்த ஏற்பாட்டை வாங்க ஒரு சதமும் செலவாகாது.

குடும்ப நலனுக்குச் சேவா வனிதா பிரிவு இருக்கிறது என்று கடற்படைத் தலைமையகம் சொல்லும். புலமைப்பரிசிலும் பாடசாலை உபகரணமும் கொடுக்கிற விழாக்களில்தான் அதன் பெயரை நாங்கள் பத்திரிகையில் படிக்கிறோம். கல்யாணமாகாத இருபத்திரண்டு வயது மாலுமியின் தாய் நடுச்சாமத்தில் அழைக்கக்கூடிய இடம் அது என்று யாரும் வாதாட வேண்டாம். இரகசியம், பாதுகாப்பு என்று சொல்கிற ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வேண்டாம். கப்பல் எங்கே நிற்கிறது என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. பிள்ளை சுகமா என்றுதான் கேட்கிறாள். கப்பலை அனுப்பவே வேண்டாம், அந்தக் காசில் வரியைக் குறை என்றார்கள் அன்றைய எதிர்க்கட்சிக்காரர். அவர்களே ஆட்சிக்கு வந்தாலும் கப்பல் போகும். போகிற பிள்ளைகளைப் பற்றி அன்று பேசாதவர்கள் ஆட்சியிலும் பேசமாட்டார்கள்.

எனக்குக் கூடுதலாக வரும் கேள்வி வேறு. கடற்படைக்காரனின் தாய்க்காக ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமற்போன வழக்கில் எதிரிகளாக நிறுத்தப்பட்டவர்கள் கடற்படையினர். 14ஆவது எதிரியான முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் அறிவித்தார். அதே வருடம் டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். அந்தப் பதினொரு பேரின் பெற்றோர் 15 வருடத்துக்கு மேலாக ஒரே கேள்வியோடு வாசல் வாசலாக நடக்கிறார்கள். அதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஒரு தாய்க்குப் பதில் சொல்லாமல் பழகிய நிறுவனம் எந்தத் தாய்க்கும் பதில் சொல்லாது. குருநாகல் தாய்க்குப் பதில் சொல்லும் கடமை சட்டத்தில் எழுதப்பட்டால், கொழும்புத் தாய் அதே சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வாசலில் நிற்கலாம்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவரும், கடற்படையோ வணிகக் கப்பலோ, தாய் தகப்பனில் ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும் மொழியையும் பதிவு செய்ய வேண்டும். ஆளனுப்பும் ஏஜன்சிகள் இரவிலும் விடுமுறையிலும் பதில் சொல்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படக் கூடாது. அவர்கள் ஒரு ஒப்பந்தத்துக்குக் கட்டும் சிறு தொகையில் குடும்பங்களின் சங்கம் நடக்க வேண்டும். வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் கூட்டங்களில் அந்தச் சங்கத்துக்கு ஒரு கதிரை வேண்டும். கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. கொள்ளையரிடம் சிக்கிய மாலுமியின் சம்பளம் அவர் திரும்பும்வரை நிறுத்தப்படக் கூடாது என்ற திருத்தம் 2020 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? சங்கம் இருந்தால் தெரிந்திருக்கும். இவையெல்லாம் நடக்கும்வரை செங்கடலுக்கு எந்தக் கடற்படைக் கப்பலும் கொழும்பைவிட்டு நகரக் கூடாது.

 தேர்தல் வருடம் வந்தால் முகத்துவாரத்திலிருந்து கொச்சிக்கடை வரை ஒவ்வொரு கட்சியும் வீட்டுப் படி ஏறும். கப்பல்காரர் வீடுகளில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இரவு பகலாகப் பெற்றோருக்குப் பதில் சொல்லும் ஓர் அலுவலகத்தை எந்தத் திகதியில் திறப்பீர்கள்? திகதியை எழுதிக் கையொப்பமிட்டுத் தராத வேட்பாளருக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு வாக்கும் போகக் கூடாது.