எண்ணெய் மண்ணைக் கிளறிவிடப் போவது யார்?

பாலக்காடு மாவட்டத்தின் வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் ஏதாவது ஒரு லாரிப் பட்டறைக்குள் போய்த் தரையைப் பாருங்கள். மண் கறுத்து இறுகிக் கிடக்கும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இறங்காது. உருண்டு வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பழுதுபார்க்கிற, இடுக்கி மாவட்டத்தின் குமுளி, நெடுங்கண்டம் பக்கத்துப் பட்டறைகளிலும் தரையின் நிறம் இதுதான். எஞ்சினிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயிலில் கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்குப் பூசப் போகும், கொஞ்சத்தைப் பழைய ஆயில் வியாபாரி வாங்கிப் போவார். மிச்சம் மண்ணுக்கு.

பெரிய கசிவு என்றால் செய்தியாகும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோதும், 2024 டிசம்பரில் கோழிக்கோடு எலத்தூர் கிடங்கிலிருந்து டீசல் வழிந்து ஓடையில் கலந்தபோதும் அதிகாரிகள் ஓடி வந்தார்கள். பட்டறை வாசலில் இருபது ஆண்டுகளாகச் சொட்டுகிற ஆயிலுக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை.

இந்த மண்ணை நுண்ணுயிரிகளைக் கொண்டு மீட்க முடியுமா? முடியும். நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. டெல்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ என்பது எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களின் கூட்டு. சோளத்தக்கைத் தூளில் ஏற்றி, மண்ணில் தூவுவதற்கு ஏற்றபடி தருகிறார்கள். இதற்கென்றே ஓஎன்ஜிசியும் டெரியும் 2007-ல் கூட்டு நிறுவனம் தொடங்கின. எண்ணெய்க் கிணறுகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சேர்ந்த எண்ணெய்ச் சேறு இந்த முறையில் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்குள் மண் என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்திருக்கிறது. எண்ணூரில் 2017-ல் அள்ளிய சேற்றுக்கும் நுண்ணுயிர் வைத்தியம்தான் நடந்தது.

ஆனால், பாக்கெட்டை வாங்கித் தூவினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உலகமே பேசிய அந்தப் பாக்டீரியா கடைசிவரை எந்தக் கசிவிலும் இறக்கிவிடப்படவில்லை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கரை ஒதுங்கியபோது பெரிய அளவில் தெளித்தது உரத்தைத்தான். எண்ணெய் தின்னும் உயிர்கள் அந்தக் கரையிலேயே இருந்தன. அவற்றுக்குக் குறைவாக இருந்தது தழைச்சத்தும் மணிச்சத்தும்.

பட்டறை மண்ணிலும் இதே கணக்குதான். எண்ணெயில் கரிமம் ஏராளம். மற்ற சத்துகள் இல்லை. யூரியாவோ சாணமோ சேர்க்க வேண்டும். ஈரம் காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று வேண்டும். அடியில் தார்ப்பாய் விரித்து, வரப்பு கட்டி, மண்ணை ஓரடி உயரத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். விஞ்ஞானம் என்று நாம் மலைத்து நிற்பதில் பெரும்பங்கு இந்த மண்வெட்டி வேலைதான்.

இங்கே பாலக்காடும் இடுக்கியும் பிரிகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல். பாலக்காட்டுக் கணவாயின் வெயில். சூட்டுக்குக் குறைவில்லை, பாக்டீரியாவுக்கு அது நல்லதே. ஆனால் களிமண்ணுக்குள் காற்று புகாது, மழை மறைவுப் பகுதி என்பதால் தண்ணீரும் அரிது. நல்லவேளை, தென்னை நார் ஆலைகள் அங்கே அதிகம். நார்க்கழிவைக் கலந்தால் மண் பொலபொலப்பாகும், ஈரமும் நிற்கும். மலை ஏறினால் எல்லாம் தலைகீழ். ஏலக்காட்டு மண்ணில் புளிப்பு அதிகம், சுண்ணாம்பு இடாமல் நுண்ணுயிர் சுறுசுறுப்பாகாது. மூணாறின் ஜனவரிக் குளிரில் அது ஏறக்குறைய உறங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையில் கூரையில்லாத பாத்தி சரிவில் கரைந்து ஓடைக்குப் போகும். பெரியாறு அணைத் தண்ணீர் குகைவழியே தேனிக்கு வருகிறது. மேலே ஓடையில் கலப்பது நமக்கும் சம்பந்தமில்லாத விஷயமல்ல. ஒரே டெண்டரில் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே தூளை வாங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், இப்போதே கைவிடட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டீசல் சீக்கிரம் சிதையும். தேய்ந்த எஞ்சின் ஆயிலின் கனமான பகுதிகள் மாதக்கணக்கில் அடம்பிடிக்கும். அதிலுள்ள ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. சித்தூர் வட்டத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலைக் கழிவு உரமென்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டதும், அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003-ல் வெளிவந்ததும் ஊரறிந்தது. 2010-ல் கேரள அரசின் உயர்மட்டக் குழு அந்த ஆலையால் ரூ.216 கோடி இழப்பு என்று கணக்கிட்டது. ஆகவே, முதலில் மண்ணைச் சோதித்து உலோக அளவைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பாக்டீரியா.

சட்டம் இல்லாமல் இல்லை. பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்களுக்கு உண்டு. மாசடைந்த இடங்களை மீட்பதற்கென 2025 ஜூலையில் தனி விதிகளே வந்துவிட்டன. ஆனால், நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் ஏழில்தான் அப்போது மீட்புப் பணி தொடங்கியிருந்தது. ஆலைகளின் நிலையே இப்படி என்றால், நாலு சென்ட் பட்டறையின் முறை எப்போது வரும்? கேரளத்தில் பிளாஸ்டிக் கேட்டு ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வேஸ்ட் ஆயிலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பட்டறைக்காரரைத் தண்டிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அபராதம் போட்டால் இரவில் ஓடையில் ஊற்றுவார். எண்ணெய் நிறுவனங்களின் செலவில் வாளையாரிலும் குமுளியிலும் சேகரிப்புத் தொட்டி ஒன்றும், கூரையிட்ட மண் பாத்தி ஒன்றும் அமைத்து, கிளறுபவருக்குக் கையுறையும் ஒழுங்கான கூலியும் கொடுத்து, மாதந்தோறும் சோதனை முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப்போட வேண்டும். கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை அடுத்த பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.