பாரமும் பாய்ச்சலும்

பந்தய மோட்டார் வண்டிகளைப் பற்றி உரையாடும் நண்பர்கள், அவற்றின் குதிரைத் திறனையே முதலிலும் முடிவிலும் எடுத்துரைக்கக் காண்கின்றோம். இயந்திரம் எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், அவ்வாற்றல் நிலத்தைச் சேர்வது டயர்களின் வாயிலாகவே என்பதும், அவை ஒவ்வொன்றும் தரையைத் தொடுமிடம் ஏறக்குறைய விரித்த கையளவே என்பதும் அவர்தம் நினைவுக்கு வருவதில்லை. பேராற்றல் வாய்ந்த வண்டி நிலையினின்று புறப்படுங்கால், அதன் விரைவுக்கு எல்லை கட்டுவது இயந்திரமன்று; ஓட்டும் சக்கரத்தின்மேல் அழுந்தும் பாரமே என்பது எமது துணிபு. முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டையை நகர்த்தி வைக்கும் நம் மாட்டு வண்டிக்காரர் இதனை எளிதில் உணர்வர்.

வண்டியைத் தள்ளும் விசை டயரின் அடியில், தரைமட்டத்தில் பிறக்கின்றது. வண்டியின் பார மையமோ அதற்கு மேலே உள்ளது. ஆதலின் பாயும் வண்டி பின்புறமாகப் புரள முயல்கின்றது; முன்னச்சின் சுமையில் ஒரு பகுதி பின்னச்சுக்குப் பெயர்கின்றது. 1500 கிலோ நிறையும், அச்சுகளுக்கிடையே 2500 மி.மீ. தூரமும், தரைக்கு மேல் 500 மி.மீ. உயரத்திற் பார மையமும் உடைய ஒரு வண்டியைக் கொள்வோம். அதன் வேக வளர்ச்சி புவியீர்ப்பில் 0.8 பங்காயின், 240 கிலோ பாரம் பின்னே செல்லும். பின் சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு இது பெருவரவு.

இனி, ஸ்பிரிங்குகளைத் தாழ்த்தி வண்டியை 25 மி.மீ. இறக்கினால் யாது விளையும்? பெயரும் பாரம் 228 கிலோவாகும். வேறுபாடு 12 கிலோவே. அதுவும் பின் சக்கரத்திற்கு இழப்பேயன்றி ஊதியமன்று. தாழ்ந்த வண்டி வளைவுகளில் நிலைகுலையாது திரும்பும் என்பது மெய். ஆயினும், 'தாழ்த்தினேன், ஆகவே அம்பெனப் புறப்படுகின்றது' என்று கூறுவாரது கூற்றை யாம் ஏற்பதற்கில்லை. முன் சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு மட்டும் கணக்கு மாறும். அங்குப் பின்னே பெயரும் ஒவ்வொரு கிலோவும் ஓட்டும் சக்கரத்தினின்று பறிக்கப்படுவது. ஆகவே தாழ்த்துதல் அதற்குச் சிறிது துணையாம்.

இவ்விடத்து மற்றொரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். பின்புறம் பதிந்து அமர்வதனாலேயே பாரம் பெயர்கின்றது என்பர் பலர். அமெரிக்க நாட்டு நேர்கோட்டுப் பந்தயங்களில் ஓடும் டாப் ஃபியூவல் வண்டிகளுக்கு ஸ்பிரிங்கே இல்லை. பின்னச்சு சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. எனினும் அவற்றிலும் பாரம் பின்னோக்கிப் பெயரவே செய்கின்றது. அச்சுகளுக்கிடையே 300 அங்குல நீளம் இருந்தும் முன்புறம் மேலெழ முயல்கின்றது. ஸ்பிரிங்கின் மென்மை, பெயரும் பாரத்தின் அளவைப் பெரிதும் மாற்றாது. அப்பாரம் வந்து சேரும் விதத்தையே மாற்றும்.

உயரத்தின் பயனை நன்கறிந்திருந்தோர் 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டில் 'கேசர்' என்னும் வண்டிகளைச் சமைத்தவர்கள். 1941-ஆம் ஆண்டின் வில்லிஸ் போன்ற பழைய வண்டிகளை வாங்கி, முன்புறத்தை வேண்டுமென்றே உயர்த்தினர். காண்பதற்கு அவை மூக்கை நிமிர்த்திய செருக்கர் போலத் தோன்றும்! அக்காலத்து டயர்கள் நிலத்தை இறுகப் பற்றாமையின், பின்னே அழுந்தும் ஒவ்வொரு கிலோவும் அவர்க்குப் பொன்னாயிருந்தது. பின்னர் டயர்கள் திருந்தின. பற்று மிகுந்தபோது அவ்வுயரமே முன் சக்கரங்களைத் தரைவிட்டெழச் செய்யும் இடராயிற்று. வண்டிகளும் தாழ்ந்தன. உயரம் நன்றோ தீதோ என்பதை டயரை நோக்காது உரைத்தல் இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் அறியோம்.

ஜெர்மனியின் போர்ஷே 911, 1963-இல் காட்சிக்கு வந்தது. இயந்திரத்தைப் பின்னச்சுக்கும் பின்னே அமைத்தமையால், அதன் நிறையில் ஏறக்குறைய 60 விழுக்காடு நிற்கும்போதே பின் சக்கரங்களின்மேல் உள்ளது. பிறர் பாய்ந்து பெறுவதை அது நின்றே பெற்றுள்ளது. 2018-ஆம் ஆண்டின் டாட்ஜ் சாலஞ்சர் டீமனுக்கு இயந்திரம் முன்னே. ஆகவே அதனைச் சமைத்தவர்கள் ஸ்பிரிங்குகளை மென்மையாக்கி, முன்புறம் எளிதில் எழுமாறு அதிர்வுதாங்கிகளை அமைத்தனர். 840 குதிரைத் திறனுடைய அவ்வண்டி கால் மைலை 9.65 வினாடியிற் கடந்தது.

இவ்வளவு ஆய்ந்து பிறர் செய்ததற்கு நேர்மாறாக, ஸ்பிரிங்கின் சுருளையே வெட்டி வண்டியைத் தாழ்த்துவோர் உளர். சுருள் குறைந்த ஸ்பிரிங் முன்னினும் விறைப்புறும். அது மேலுங்கீழும் செல்வதற்குரிய இடமும் சுருங்கும். சாலையின் சிறு மேட்டிலும் அடிப்பகுதி தடைக்கட்டையில் மோத, டயர் ஒரு கணம் துள்ளித் தரையை விடும். அக்கணத்தில் அச்சக்கரத்தின்மேல் உள்ள பாரம் சுழியமே. பிரேக்கை மிதித்தாலும் அச்சக்கரம் பயன்படாது.