குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்



பிறந்த குழந்தை ராத்திரி பகலாகத் தூங்கினால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "சமத்துப் பிள்ளை, தொந்தரவே பண்ணாது!" மஞ்சள் காமாலை மூன்று வாரமாகியும் போகவில்லையா, காலை வெயிலில் காட்டுவார்கள். மலச்சிக்கலுக்குக் கைவைத்தியம் நடக்கும். இதெல்லாம் ஒரே குழந்தைக்கு இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

பிறவித் தைராய்டு குறைபாடுள்ள பல குழந்தைகளுக்குச் சுரப்பியே சரியாக உருவாகியிருக்காது. அரிதான இன்னொரு வகையும் உண்டு. சுரப்பி இருக்கும், ஆனால் ஹார்மோன் தயாரிக்கும் வேலையில் ஏதாவது ஒரு கட்டம் பழுதாகியிருக்கும். பெரும்பாலும் அயோடினை ஹார்மோனில் சேர்க்கும் என்சைமில்தான் கோளாறு. அயோடின் உப்பு இதைச் சரிசெய்யாது. கவனிக்காமல் விட்டால் கழுத்து வீங்கலாம்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை வரும். அவர்கள் இருவரும் நன்றாகவே இருப்பார்கள். நம் செஞ்சி வட்டாரத்தில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நமக்குப் புதிதா என்ன? சொந்தத்தில் முடித்த வீடுகளில் இதற்கான வாய்ப்பு கூடுதல். முதல் பிள்ளைக்கு இருந்தால், அடுத்த ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தயவுசெய்து மருமகளை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

பிறந்து 48 மணி நேரம் கழித்து குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்தால் குறைபாடு தெரிந்துவிடும். கனடாவின் கியூபெக்கில் 1974-லேயே எல்லாக் குழந்தைகளுக்கும் தைராய்டு பரிசோதனையைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே பல இடங்களில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மருந்து லெவோதைராக்சின், விலை குறைந்த சின்ன மாத்திரை. ஸ்பூனில் பொடித்து, சில சொட்டு தாய்ப்பாலில் கரைத்து அப்போதே புகட்ட வேண்டும். பால் பாட்டிலில் கலந்தால் மிச்சத்தோடு மருந்தும் போய்விடும். இரும்பு, கால்சியம் மருந்துகளை அதே நேரத்தில் தரக்கூடாது. இந்தக் கோளாறின் ஒரு வகையில் காதும் பாதிக்கும் என்பதால் கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. "பிள்ளைதான் நல்லா இருக்கே, எதுக்கு தினமும் மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையால்தானே நன்றாக இருக்கிறது! பெரும்பாலும் இது ஆயுளுக்கும் தேவைப்படும் மருந்து. பிள்ளை வளர வளர அளவு மாறும், அதனால் ரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

உங்கள் வீட்டில் பிரசவம் நெருங்குகிறதா? டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், "குழந்தைக்குத் தைராய்டு பார்த்தாச்சா டாக்டர்?" என்று அவசியம் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்